அடுத்த செயலமர்வைத் தோட்டத்தில் வையுங்கள்

கொட்டகலை, பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிலும் நாட்டின் மற்றக் கல்வியியற் கல்லூரிகளிலும் தமிழ்மொழிமூலம் படித்து, நாளை பதுளை, மொனராகலை மாவட்டத் தோட்டப் பாடசாலைகளுக்கு வரவிருக்கும் ஆசிரிய மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைமாரே,

வகுப்பறைத் தொழினுட்பம் பற்றிய செயலமர்வுகள் சிலவற்றிலாவது நீங்கள் இதற்குள் உட்கார்ந்து எழும்பியிருப்பீர்கள். மண்டபத்தில் புரொஜெக்டர் ஓடும். கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ வந்த வளவாளர் திரையில் ஒரு செயலியைத் திறந்து காட்டுவார். பத்தரைக்குத் தேநீர். பின்னேரம் எல்லோருமாக நின்று ஒரு படம் எடுத்து, சான்றிதழையும் வாங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்புவீர்கள். அந்த வளவாளர்களில் பலர் பெரிய உழைப்பாளிகள்; அவர்கள் சொல்லித்தருவதும் சரியானதுதான். ஆனால் அவர்கள் மனதில் வைத்துப் பேசுகிற வகுப்பறை ஒன்று, உங்கள் நியமனக் கடிதத்தில் வரப்போகிற வகுப்பறை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை நீங்கள் தனியாக நடக்கவேண்டி வருகிறது. நடக்க முடியாதவர்கள் முதல் வருடத்திலேயே மடிக்கணினியை மூடி வைத்துவிடுகிறார்கள்.

என் வேண்டுகோளை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களுடைய அடுத்த செயலமர்வை ஒரு தோட்டப் பாடசாலையில் வையுங்கள். அங்கே என்ன இருக்கிறதோ அதை மட்டும் எடுத்து, அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு பாடத்தை நடத்திப் பாருங்கள். ஒரு தவணை கழிந்ததும் அதே ஆட்கள் திரும்பவும் கூடிப் பேசுங்கள். பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் நெடுங்காலம் படிப்பித்தவன் என்ற உரிமையில் இதைக் கேட்கிறேன்.

நீங்கள் வரப்போகும் பாடசாலை எப்படி இருக்கும்? மலைச்சரிவில் நீளமாக ஒரு கட்டடம். பல இடங்களில் அது 1980, 90களில் சுவீடனின் சீடா உதவியில் எழும்பியது. பழைய ஆசிரியர்களுக்கு இன்றைக்கும் அது சீடா கட்டடம்தான். ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டியோ அலுமாரியோ நிற்கும். அடுத்த வகுப்பின் வாய்ப்பாடு உங்கள் வகுப்பிலும் கேட்கும். அதிபரின் அறையில் ஒரு கணினி இருக்கும். சில பாடசாலைகளில் பூட்டிய அறையில் நாலைந்து பழைய கணினிகளும், மிகச் சில இடங்களில் புதிதாக வந்த ஸ்மார்ட் போர்டும் இருக்கலாம். சிக்னல் ஒரு தோட்டத்தில் பாடசாலை வாசலிலேயே கிடைக்கும், அடுத்த தோட்டத்தில் மேல் மலைக்கு ஏறவேண்டும். நுவரெலியா மாவட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: உங்கள் பக்கத்துப் பெருமழை வைகாசி, ஆனியில் தென்மேற்கிலிருந்து வருவது. எங்களுக்கு ஐப்பசியில் தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவ மழை. மூன்றாந் தவணையின் முக்கியமான வாரங்கள் அதற்குள்தான் வரும். கரண்ட் போவதும் பாதை அடைபடுவதும் அப்போதுதான்.

இதையெல்லாம் உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. உங்களில் பாதிப்பேராவது இப்படி ஒரு பாடசாலையில் இருந்துதான் கல்லூரிக்குப் போயிருப்பீர்கள். ஆனால் கல்லூரியில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பும்போது, நல்ல கற்பித்தல் என்றால் அது நல்ல கருவிகள் உள்ள இடத்தில்தான் நடக்கும் என்ற எண்ணம் நம்மை அறியாமலே மனதில் ஏறிவிடுகிறது. அந்த எண்ணத்தோடு வருகிறவருக்கு இடமாற்றக் கடிதம் எழுதுவதே முதல் வேலையாகிவிடுகிறது. அதனால் யாருக்கு நட்டம் என்பது உங்களுக்குத் தெரியும்.

தோட்டப் பிள்ளைக்கு எதுவுமே பிந்தித்தான் வந்திருக்கிறது. 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே விடப்பட்டன. துரைமாரின் பொறுப்பில் இருந்த அந்தப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில். ஜெர்மன் நாட்டின் உதவியோடு ஸ்ரீபாத கல்லூரி எழும்பியதே, இப்படிப் பல தலைமுறையாகப் பயிற்றப்பட்ட ஆசிரியர் இல்லாமல் போன குறையை நிரப்பத்தான். அதற்குப் பிறகும், 2014, 2015 காலத்தில் மலையகத்துக்கு ஆசிரியர் உதவியாளர்கள் என்ற பெயரில் நியமனம் கொடுத்தார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. உயர்தரம் சித்தியெய்திய பிள்ளைகள், பயிற்சிக்கு முன்பே வகுப்பறைக்குள் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் இன்று நல்ல ஆசிரியர்கள். உங்கள் கட்டுறு பயிற்சியின்போது பக்கத்து வகுப்பில் இருந்து உங்களுக்குக் கைகொடுக்கப் போகிறவர்களும் அவர்களே.

2020ஆம் ஆண்டை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மார்ச் நடுப்பகுதியில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது நீங்களே மாணவர்கள். வீட்டில் இருந்த ஒரே போனில், ரீலோட் போடக் காசு இருந்த நாட்களில் மட்டும், பாடத்தைப் பார்த்தவர்கள் உங்களுக்குள் இருப்பீர்கள். 2021இல் லுணுகலைப் பகுதிப் பிள்ளைகளைப் பற்றிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. காட்டுக்குள்ளே மலையுச்சியில், ஏறக்குறைய 30 அடி உயரத்தில் ஒரு மரவீடு. பெரியவர்கள் துணைக்கு வர, பிள்ளைகள் சிக்னலுக்காக அதில் முறைவைத்து ஏறி, செய்த பயிற்சியை அனுப்பிவிட்டு அடுத்த பாடத்தை இறக்கிக்கொண்டார்கள். அந்த நாட்களில்தான் இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின், நாட்டிலுள்ள 43 இலட்சம் மாணவர்களில் கூடியபட்சம் 40 வீதமானவர்களே ஒன்லைன் வகுப்புகளில் சேர முடிந்தது என்று சொன்னார்.

அந்த மரவீட்டின் படத்தைப் பார்த்துப் பலர் பிள்ளைகளின் விடாமுயற்சியை மெச்சினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஏறுகிற வயதும், கூட வர ஒரு ஆளும், கையில் ஒரு போனும் இருந்த பிள்ளைக்குத்தான் அந்த மரம். தாய் கொழுந்துக்குப் போய், தகப்பன் கொழும்பில் கடையில் நிற்கிற வீட்டில், தரம் 2இல் இருந்த பிள்ளைக்கு என்ன கிடைத்தது? எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகவேண்டிய வயதில் வகுப்பறையை இழந்த அந்தப் பிள்ளைகள் இப்போது இடைநிலை வகுப்புகளில் இருக்கிறார்கள். விஞ்ஞானப் புத்தகத்தைக் கொடுத்தால் பக்கத்தைப் புரட்டுவார்கள், வாசிக்கமாட்டார்கள். உங்கள் தொழினுட்பம் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்யும் என்பதுதான் என் கேள்வி. அந்தக் காலத்தில் சில ஆசிரியர்கள் செயலட்டைகளைப் போட்டோகொப்பி எடுத்து, லயத்து வாசலிலும் கோயிலடியிலும் கொடுத்து, அடுத்த கிழமை போய்த் திருத்திக் கொடுத்தார்கள். அது எந்தச் செயலமர்விலும் சொல்லித்தரப்பட்டதல்ல. யாருக்கு எது எட்டும் என்று முதலில் பார்த்தவர்கள் செய்த வேலை அது.

கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்திலேயே பெரிய சாட்சி பெரு நாடு. அங்கே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கற்பித்தலோடு அவை சேர்க்கப்படவில்லை, கற்றல் முன்னேறவில்லை. யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை முழுவதும் தொழினுட்பத்தைப் பற்றியது. அதில் இந்தக் கதை வருகிறது. கல்வித் தொழினுட்பப் பொருட்கள் சராசரியாக 36 மாதத்துக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. உங்கள் கல்லூரிப் படிப்பு, கட்டுறு பயிற்சியோடு சேர்த்து, மூன்று வருடம். முதலாம் வருடத்தில் ஒரு செயலியின் பொத்தான்களை மனப்பாடம் செய்தவர், நியமனம் கிடைக்கும்போது வேறு எதையோ பார்த்துக்கொண்டு நிற்பார். ஆகவே, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை மட்டும் சொல்லித்தருகிற செயலமர்வுக்கு உங்கள் ஒரு நாளைக் கொடுக்காதீர்கள். வளவாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: “சேர், இதை வைத்து எந்தப் பாடம்? கரண்ட் போனால் அந்தப் பாடம் எப்படி?”

நன்றாக நடந்த முயற்சியும் நம் நாட்டிலேயே உண்டு. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடம், பேராசிரியர் ஷிரோனிகா கருணாநாயக்கவின் தலைமையில், 2010களின் நடுவில் ஒன்பது மாகாணங்களையும் சேர்ந்த பட்டப்பின் கல்வி டிப்ளோமா ஆசிரிய மாணவர்களோடு வேலை செய்தது. பொருள், திறந்த கல்வி வளங்கள்: ஒருவர் செய்த பாடத்தை மற்றவர் இலவசமாக எடுத்து, தன் வகுப்புக்கு ஏற்றபடி மாற்றி, மறுபடி பகிரலாம் என்ற அனுமதியோடு வருகிற பாடங்கள். தொடக்கத்தில் அவர்களில் பெரும்பாலோருக்கு இது என்னவென்றே தெரியாது. செயலமர்வு ஒரு நாளோடு முடியவில்லை. ஆசிரியர்கள் வகுப்புக்குப் போய்ச் செய்து, நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதி, திரும்பி வந்து பேசினார்கள். மாதங்கள் போக, மற்றவர் செய்ததை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் தாங்களே செய்து பகிரத் தொடங்கினார்கள். ஊவாவும் அந்த ஒன்பதில் ஒன்று என்பதை நினைவில் வையுங்கள். நம்மால் முடியாத காரியம் இல்லை.

கேரளத்தையும் சொல்லவேண்டும். 2001இல் பாடசாலைகளுக்கான தகவல் தொழினுட்பத் திட்டத்தைத் தொடங்கியவர்கள், பயிற்றுநர்களை வெளியிலிருந்து கூலிக்குக் கொண்டுவராமல் பாடசாலை ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கினார்கள். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளை விட்டு, கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்கள். விடுமுறைக்கு விடுமுறை பயிற்சி. பின்னர் அது கைட் என்ற நிறுவனமாக வளர்ந்தது. மூணாறுத் தேயிலை மலைகளில் தமிழில் படிக்கிற பிள்ளைகளின் அரசாங்கப் பாடசாலைகளும் அந்த மாநிலத்துக்குள்தான் இருக்கின்றன. வகுப்பில் நின்று களைத்தவரே அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பதில்தான் அவர்களுடைய பலம் இருக்கிறது.

இனி ஒரு பாடத்தை எடுத்து விரிவாகப் பார்ப்போம். மழை.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. அன்று காலையில் பாடசாலைக்கு வந்திருந்ததால் உயிர் பிழைத்த பிள்ளைகள் இருந்தார்கள்; திரும்பிப் போக வீடு இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முன்பே எச்சரித்திருந்தது. இன்று அந்த நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகள் இவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் விழிப்பாக இருக்கவேண்டும், 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாக இருக்கவேண்டும், 150 தாண்டினால் வெளியேறவேண்டும். ஊவாவில் லயத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்த மூன்று எண்களும் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் செய்தியில் 75 மில்லிமீற்றர் என்று கேட்கிற பிள்ளைக்கு, அது எவ்வளவு என்று கண்ணால் தெரியுமா?

பக்கங்கள் நேராக உள்ள ஒரு பிளாஸ்டிக் போத்தல் எடுங்கள். மேற்பகுதியை வெட்டி, தலைகீழாக அதே போத்தலின் வாயில் புனலாக வையுங்கள். அடிப்பகுதி வளைவாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான இடம் தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியக் கோடு போடுங்கள். பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை ஒட்டுங்கள். கூரையும் மரமும் மறைக்காத இடத்தில், காற்றுக்கு விழாதபடி அடியைப் புதையுங்கள். தினமும் காலை 8.30க்கு, வளிமண்டலவியல் திணைக்களம் அளக்கும் அதே நேரத்தில், இரண்டு பிள்ளைகள் போய் வாசித்து எழுதி, பூச்சியக் கோட்டுக்கு மேலுள்ள தண்ணீரைக் கொட்டட்டும். இதுவரை கரண்டும் தேவையில்லை, சிக்னலும் தேவையில்லை.

ஒரு கிழமை எண்கள் சேர்ந்த பிறகு மடிக்கணினியைத் திறங்கள். ஒரு விரிதாளில் பிள்ளைகளே எண்களைப் பதியட்டும். நிரல் வரைபடம் அவர்கள் கண்முன்னே எழும்பும். ஒரு எண்ணை மாற்றினால் நிரல் உயர்வதையும் தாழ்வதையும் அவர்கள் பார்ப்பார்கள். பிறகு, தோட்டத்தின் மேற்பிரிவான மேல் கணக்கிலோ அடுத்த தோட்டத்திலோ படிப்பிக்கும் உங்கள் நண்பர் அவருடைய பாடசாலையின் எண்களை வட்ஸ்அப்பில் அனுப்பட்டும். இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “ஏன் அவங்களுக்குக் கூட, நமக்குக் குறைய?” என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைய சுற்றாடல் பாடம் அங்கே தொடங்கிவிட்டது. தரம் 8 பிள்ளைக்கு, ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர் என்று காட்டுங்கள். 20 சதுர மீற்றர் தகரக் கூரையில் 75 மில்லிமீற்றர் பெய்தால் 1,500 லீற்றர். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது, லயத்துப் பின்பக்கக் கான் அடைபட்டிருந்தால் என்ன ஆகும் என்று அவர்களே போய்ப் பார்த்து வருவார்கள். கடைசியில் அந்த மூன்று எண்களையும் வைத்து வீட்டுக்கு ஒரு அறிவித்தல் எழுதச் சொல்லுங்கள். வாசிக்கச் சிரமப்படுகிற பிள்ளைக்கும் அது அர்த்தமுள்ள வாசிப்பு. தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவேண்டிய தாள் அல்லவா?

இந்தப் பாடத்தில் கணினி செய்த வேலை பத்து நிமிடம். எண் மாறினால் வரைபடத்தை உடனே மாற்றிக் காட்டியது, இரண்டு பாடசாலையைச் சேர்த்தது, போன வருடத்துக் கணக்கைப் பத்திரமாக வைத்திருந்தது. வெண்கட்டியால் முடியாத வேலைக்கு மட்டும் கணினி. மற்றதெல்லாம் போத்தலும் பிள்ளைகளும் ஆசிரியரும். புன்யா மிஸ்ரா, மத்தியூ கோலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006இல் எழுதியதை உங்கள் விரிவுரைகளில் படித்திருப்பீர்கள்: பாட அறிவும் கற்பிக்கும் அறிவும் தொழினுட்ப அறிவும் தனித்தனியாக நின்றால் போதாது, மூன்றும் ஒன்றோடொன்று கலக்குமிடத்தில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது என்று. பரீட்சைக்கு அந்த மூன்று வட்டங்களையும் வரைந்து பெயரிட்டால் புள்ளி கிடைக்கும். மீரியபெத்தைக்குப் பக்கத்திலுள்ள ஒரு வகுப்பில் மழைப் பாடத்தை நடத்தும்போது அந்த வட்டங்கள் உங்களுக்கு உண்மையிலேயே விளங்கும்.

பல்தர வகுப்பு இன்னொரு விடயம். தரம் 3ஐயும் 4ஐயும் ஒருவரே பார்க்கவேண்டிய நாட்கள் உங்களுக்குக் கட்டாயம் வரும். உங்கள் குரலிலேயே ஒரு கதையையோ சொல்வதெழுதலையோ போனில் பதிந்து, ஒரு சிறிய ஸ்பீக்கரில் தரம் 3க்குப் போட்டுவிட்டு, தரம் 4க்குப் பின்னக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கலாம். அதைவிட நல்லது, ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளியின் குரலைப் பதிவது. கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பிராவைப் பற்றியும், காலையில் வேலை பிரித்துக்கொடுத்த அந்தக் காலத்துப் பெரட்டைப் பற்றியும் அவர் சொல்வதைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு எழுதுவது அவர்களுக்குத் தமிழ்ப் பாடம், அவர்கள் குடும்பத்துக்கு வரலாறு. மலையகத்தின் பழைய நூல்களும் இதழ்களும் தேடுகிறவர்கள் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தைப் பாருங்கள்; இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இறக்கிக்கொள்வது என்றதும் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். பதுளை டவுனுக்குப் போகும் நாளில் பென் டிரைவை வெறுமையாகக் கொண்டுபோய், நிரப்பிக்கொண்டு வாருங்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிமூலப் பாடங்கள் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) என்ற விஞ்ஞான, கணிதப் பாவனைச் செய்முறைகளில் பல தமிழில் இருக்கின்றன. மின்சுற்றை இணைக்கும் பாவனையை இணையம் இல்லாமலே ஓடவிடலாம். கோலிப்ரி என்ற இலவச மென்பொருள், ஒரு மடிக்கணினியில் பாடங்களைச் சேமித்து வைத்து, இணையமே இல்லாத இடத்தில் பக்கத்திலுள்ள மற்றக் கருவிகளுக்குக் கொடுக்கும். உங்கள் கல்லூரிச் செயலமர்வில் இந்த மூன்றையும் ஒருமுறை இணையத்தைத் துண்டித்துவிட்டுச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

எழுத்துருவைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. நம் பாடசாலைகளில் வினாத்தாள்கள் இன்னமும் பாமினியில் அடிக்கப்படுகின்றன. பாமினி இல்லாத கணினியிலோ போனிலோ அதைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். அதைத் தேடவும் முடியாது, கணினியை வாசிக்கச் சொல்லவும் முடியாது. ஒரு தோட்டத்தில் ஒரு நல்ல ஆசிரியர் வருடக்கணக்காகச் செய்த செயலட்டைகள், அவர் ஓய்வுபெற்றுப் போனதும் யாருக்கும் திறக்காமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் முதல் நாளிலிருந்தே யுனிகோட்டில் அடியுங்கள். பழைய பாமினிக் கோப்புகளை மாற்றும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. கட்டுறு பயிற்சிக்குப் போகும் பாடசாலையில், மூத்த ஆசிரியர் ஒருவரின் கோப்புகளைக் கேட்டு வாங்கி மாற்றிக்கொடுங்கள். அவரோடு உங்களுக்கு உண்டாகும் உறவுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பிள்ளைகளின் படங்களை முகநூலிலும் டிக்டொக்கிலும் போடாதீர்கள். கிழிந்த சப்பாத்தும் நனைந்த புத்தகப் பையும் உங்களுக்கு விருப்பக்குறிகளைச் சேர்க்கலாம். அந்தப் பிள்ளைக்கு அது ஆயுள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். செயற்கை நுண்ணறிவில் பாடத்திட்டம் எழுதவைத்தால், அது தருகிற தமிழை வரிக்கு வரி வாசித்துத் திருத்துங்கள், உதாரணங்களை நம் ஊருக்கு மாற்றுங்கள். கோதுமை வயலையும் மெட்ரோ ரயிலையும் வைத்து அது கணக்குப் போட்டுத் தரும். கொழுந்துக் கிலோவையும் நாட்சம்பளத்துக்குப் பெயர் போடுவதையும் வைத்துப் போடவேண்டியவர் நீங்கள்.

சரி, தோட்டத்தில் செயலமர்வை எப்படி வைப்பது? மூன்றாம் வருடக் கட்டுறு பயிற்சிக் காலம் இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. ஒரே வலயத்தில் நீங்கள் பலர் பரவி இருப்பீர்கள். பசறை வலயத்திலோ பண்டாரவளை வலயத்திலோ எட்டுப் பத்துப் பேர் சேருங்கள். உங்களைப் பார்வையிட வரும் விரிவுரையாளரிடம் முதலில் பேசுங்கள். பிறகு பாடசாலை அதிபரிடம், ஆசிரிய ஆலோசகரிடம். வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் கொடுங்கள், வாய்ச்சொல்லில் விடாதீர்கள். ஆசிரியர் மத்திய நிலையம் இருக்கிறதே என்று டவுனில் வைக்கச் சொல்வார்கள். அங்கே கதிரையும் கரண்டும் இருக்கும், பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். பணிவாகச் சொல்லி, தோட்டத்திலேயே வையுங்கள்.

சனிக்கிழமையில் பிள்ளைகளை வரவழைப்பது சிரமம் என்பார்கள். தோட்டத்தில் சனிக்கிழமையும் பலருக்கு வேலைநாள். வீட்டில் தம்பி தங்கையைப் பார்ப்பதே மூத்த பிள்ளைதான். சின்னவர்களையும் கூட்டிவரச் சொல்லுங்கள், உங்களில் ஒருவர் அவர்களைப் பார்த்துக்கொள்ளட்டும். காலையில் மூன்று பேர் மூன்று பாடம் நடத்துங்கள், ஒவ்வொன்றும் 40 நிமிடம். மற்றவர்கள் பின்னால் இருந்து பிள்ளைகளைப் பாருங்கள், ஆசிரியரையல்ல. எந்தப் பிள்ளை எந்த நிமிடத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கியது, யார் விசைப்பலகையைத் தொடவேயில்லை, பெண்பிள்ளைகளுக்கு முறை வந்ததா என்று எழுதுங்கள். இரண்டாவது பாடத்தின் நடுவில் வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்துங்கள். பாடம் தொடர்ந்ததா என்று பாருங்கள். மதியத்துக்குப் பிறகு அந்தக் குறிப்புகளை வைத்து மட்டும் பேசுங்கள். உரை வேண்டாம், மாலை வேண்டாம், மங்கள விளக்கை ஏற்றிவிட்டு நேரே வேலைக்குப் போகலாம். உங்களைவிட அனுபவமுள்ள ஆசிரியர் உதவியாளராய் வந்து பயிற்சி பெற்றவர்கள் இருந்தால், முதலாவது பாடத்தை நடத்தச் சொல்லி அவர்களைக் கேளுங்கள்.

அன்று மாலை ஒவ்வொருவரும் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு போகவேண்டும். அதைத் தன் பாடசாலையில் நடத்தி, நடந்தது நடவாதது இரண்டையும் எழுதி, அடுத்த தவணையில் இன்னொரு தோட்டத்தில் கூடவேண்டும். இரண்டாவது கூட்டம் இல்லாமல் முதலாவதை வைக்கவேண்டாம். அந்தத் திகதியை முதல் நாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள், சான்றிதழ் கொடுப்பதானால் இரண்டாவது கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கச் சொல்லி விரிவுரையாளரைக் கேளுங்கள். மூன்று நான்கு தவணை இப்படிப் போனால், ஊவாத் தோட்டப் பிள்ளைகளோடு சோதித்துப் பார்த்த பாடங்கள் ஒரு தொகுப்பாகச் சேர்ந்துவிடும். அதைத் திறந்த அனுமதியோடு போடுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிற தொகுதி மாணவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

முதலாவது கூட்டத்தை ஐப்பசி, கார்த்திகையில் வைக்கும்படி கேட்பேன். மழையில் வையுங்கள் என்று சொல்வது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றும். பங்குனியில் எல்லாம் வேலை செய்யும். நமக்குத் தெரியவேண்டியது கார்த்திகையில் எது வேலை செய்கிறது என்பதுதான். ஒரு நாள் முன்பே பாதை நிலைமையையும் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை இருந்தால் தயங்காமல் தள்ளிவையுங்கள். மதியச் சாப்பாட்டைப் பெற்றோர் தலையில் கட்டவேண்டாம், பிள்ளைகளுக்கும் சேர்த்து நீங்களே கொண்டுவாருங்கள். நீட்டிப்பு வயர் ஒன்று, போத்தல்கள், அடிமட்டங்கள், சதுரக்கோட்டுத் தாள், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய ஒரு மடிக்கணினி போதும். பதுளையிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறினால் எட்டு மணிக்கு முன் பசறையில் இறங்கலாம். அங்கிருந்து மேலே வரும் வழியையும், திரும்புவதற்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் அந்தந்தத் தோட்டத்து ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பசறையிலிருந்து உங்கள் மூத்த ஆசிரியர் ஒருவர்